நம்மாளு வருகிறாள்

மார்ச் 4, செவ்வாய்

டீ குடிக்கக்கூட நேரமில்லாத நாள். காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. மூன்று தகரப் பெட்டிகள். கையெழுத்துப் போட்டு வாங்கி, லிஃப்டில் ஏற்றி, துணிப் பிரிவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. காப்பாட்சியர் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார். "அவசரம், ரொம்ப அவசரம்" என்றார். அவருக்குப் பென்சில் வேண்டுமென்றாலும் அவசரம்தான். அருங்காட்சியகத்தில் நாங்கள் எல்லோரும் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘அவசரம்’.

மதியம் முதல் பெட்டியைத் திறந்தேன். மெல்லிய காகிதத்தை விலக்கியதும் சாம்பல் நிறம் தெரிந்தது. கழுத்து வரை ஏறிய காலர், முழுக்கை. ஒரு பூ வேலை கிடையாது, ஒரு பளபளப்பு கிடையாது. அதே கவுன். படத்தில் ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் தனியாக நிற்பாளே, அந்தக் காட்சியில் போட்டிருந்தது.

கையுறை மாட்டியிருந்தேன். இருந்தும் தொடக் கை வரவில்லை. இருபத்தாறு வருடமாக இதே வேலையில் இருப்பவள்; நீதிபதி அங்கி முதல் சிப்பாய்ச் சட்டை வரை கூசாமல் கையாண்டவள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு கவுனைப் பார்த்து மூச்சு வாங்குகிறது.

பத்திரிகைக்காரர்கள் அந்த நடிகைக்கு ‘சாய்வழகி’ என்று பெயர் வைத்தார்கள். தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து நிற்பாள், அதனால். எங்கள் வீட்டில் அவள் பெயர் ‘நம்மாளு’. அக்கா வைத்தது.

உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஃபோனைக்கூட எடுத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 5, புதன்

ஒன்பது வருடம். ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பழைய உடை தானாக நிற்காது, உள்ளே உடம்பு வேண்டும். கடையில் விற்கிற பொம்மைமேல் மாட்டினால் ஒன்று கிழியும், இல்லை தொங்கும். அதனால் உடையைப் போட்டிருந்தவரின் உடம்பை நான் செய்கிறேன். மெலிந்த பொம்மை ஒன்றை எடுத்து, பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, காடாத் துணியால் இழுத்துத் தைத்து, இடுப்பு, முதுகு, தோள் என்று வளர்த்துக்கொண்டே வர வேண்டும். தலை கிடையாது, கழுத்தோடு சரி. அசல் உடையைக் கடைசியில்தான் மாட்டுவோம். அதுவரை அதே அளவில் காடாவில் தைத்த ஒரு மாதிரி உடையைப் போட்டுப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு உடைகள். ஏப்ரல் 11 கண்காட்சித் திறப்பு. நம்மாளு இறந்து நாலு வருடம். கடைசியாக நடித்து முப்பது வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் அறிவித்த அன்றே முதல் வாரத்து நுழைவுச் சீட்டு முழுக்கத் தீர்ந்துவிட்டதாம். வாங்கியதில் பாதிப்பேர் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். அவசரத்துக்கே புரியவில்லை. "அந்தம்மா அப்படி என்னதான் பண்ணாங்க?" என்று என்னைக் கேட்டார்.

பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. நின்றுகொண்டே கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அவளைவிட அழகான நடிகைகள் அந்தக் காலத்தில் பத்துப் பேராவது இருந்தார்கள். அவளுக்கு மூக்கு கொஞ்சம் பெரிது. நடனம் சுத்தமாக வராது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்பாள். கதாநாயகன் பேசினாலும் அதே சாய்வு, வண்டியோட்டி பேசினாலும் அதே சாய்வு. தியேட்டர் இருட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, நாங்கள் சொல்வதைத்தான் கேட்கிறாள் என்று தோன்றும். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் நான் சொல்வதை யார் காதில் வாங்கினார்கள்? அப்பாவுக்கு எப்போதும் வேலை. அம்மாவுக்கு எப்போதும் தலைவலி.

அக்காவுக்குப் பதினைந்து. ஒரே படத்தை ஏழு தடவை பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அவளைப் போலவே நின்று பழகுவாள். "எப்படிடி இருக்கு?" என்பாள். "இன்னும் கொஞ்சம் சாய்க்கா" என்பேன். நான்தான் டைரக்டர். ஒரே மாதத்தில் அது அக்காவோடு ஒட்டிக்கொண்டது. பிறகு நான் பள்ளிக்கூடக் கதை எதையாவது அளந்தால் அப்படியே தலையைச் சாய்த்துக் கேட்பாள். எனக்குத் தியேட்டருக்குப் போக வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பதினோரு வயதில் பழைய திரைச்சீலையை வெட்டி அக்காவுக்கு முதல் கவுன் தைத்தேன். செய்தித்தாளில் அளவு வெட்டியது. காலர் ஒரு பக்கம் காதைத் தொட்டது. அதையும் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை நடந்து போய் வந்தாள், புண்ணியவதி. அப்புறம் அவளுக்குத் தபால் ஆபீசில் வேலை கிடைத்தது. பக்கத்துக் கவுன்ட்டர் காலியாகக் கிடக்கும், ஜனம் அவள் வரிசையில்தான் நிற்கும். தபால்தலை வாங்க வந்தவர்கள் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். அவளுடைய உடைகள் அத்தனையும் நான் தைத்தவை. அத்தனை காலரும்.

அக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

சாம்பல் கவுனுக்கான பொம்மை வளர்ந்துவிட்டது. நாலே நாளில்! வழக்கமாகப் பத்து நாள் இழுக்கும். அவசரம் ஒரு கட்டுப் புகைப்படங்கள் கொடுத்திருந்தார், சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்லி. உறையைப் பிரிக்கவே இல்லை. இந்த உடம்பை நாற்பத்தைந்து வருடமாகத் தெரியும் எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். முதுகு வளைவு, தோள், கழுத்தின் சாய்வு எல்லாம் கை தானாகச் செய்கிறது.

கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

இந்தக் காரியத்தை எங்கேயும் எழுதிவைத்ததில்லை. எழுதிவிடுகிறேன்.

அக்கா மகளுக்கு, நான் ‘வாலு’ என்று கூப்பிடுகிறவளுக்கு, கல்யாணம் நிச்சயமான சமயம். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அக்கா உடுத்த நான்கு நாள் உட்கார்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்திருந்தேன். இந்தக் கவுனையே பார்த்து, காலருக்குள் வைக்கும் கம்பி வரை அச்சாக. வந்தவர்கள் எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "நீங்க அப்படியே அந்த சாய்வழகிதான் போங்க" என்றாள். அக்கா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். தைத்தது யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

பொறாமையா? ஆமாம், பொறாமைதான். தூக்கமில்லை, கண் எரிச்சல், அதெல்லாம் சாக்கு.

"இவ வெறும் நகல்தாங்க" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படி. "முப்பது வருஷமா அவளை மாதிரி நடிச்சு நடிச்சு, தான் யாருன்னே இவளுக்கு மறந்துபோச்சு."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் தலை மெல்ல நிமிர்ந்து நேரானது. இன்றைக்கும் அதுதான் கண்ணில் நிற்கிறது. உள்ளே போய் உடையை மாற்றிக்கொண்டு வந்தாள். வந்தவர்களை உபசரித்தாள். என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த வருடமே இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். "அம்மா தூங்கறாங்க சித்தி" என்று வாலு வாசலிலேயே நின்று சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். மதியம் பன்னிரண்டு மணிக்கு யார் தூங்குவார்கள்? எனக்கும் ரோஷம் வந்தது. ரோஷம் ஒரு வருடத்தில் தீர்ந்துவிட்டது. மிச்சம் எட்டு வருடம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

மானம் போயிற்று.

காஸ்ட்யூமர் அம்மா வந்திருந்தார். நம்மாளுக்கு இருபது வருடம் உடை தைத்துப் போட்டுவிட்டவர்; அவளை ‘எங்கம்மா’ என்றுதான் சொல்வார். இந்தப் பெட்டிகளும் அவர் காப்பாற்றி வைத்திருந்தவைதான். எழுபத்தெட்டு வயது, காதில் கருவி, பொடி வைத்த பேச்சு. மாதிரி உடை போட்ட பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவசரம் கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார். நானும்தான்.

"நல்லா செஞ்சிருக்கம்மா" என்றார். "யாரு இது?"

எனக்குப் புரியவில்லை.

"யாரோ உசிரோட இருக்கற பொம்பளை மாதிரி இருக்கு. ஆனா எங்கம்மா இல்ல. எங்கம்மாவுக்கு இடது தோள் இறக்கம். நீ வலதை இறக்கி வெச்சிருக்க. கழுத்தும் அந்தப் பக்கம் சாயுது."

பிறகு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடது காறை எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். இடது தோள் முக்கால் அங்குலம் கீழே. முதல் படத்தில் டைரக்டர் அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அன்று அவள் தலையை இடது பக்கமாகச் சாய்த்து நின்றாளாம், அந்தத் தோள் வேண்டுமென்றே இறக்கியது மாதிரி தெரியட்டும் என்று. "அன்னைக்கு சாய்ச்ச தலை. சாகற வரைக்கும் நிமிரல." அதன் பிறகு உடைகள் எல்லாவற்றிலும் இடது தோளுக்குள் இவர் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்தாராம்.

அவர் போன பிறகு கவுனின் தோளை விரலால் அழுத்திப் பார்த்தேன். இடதில் மூன்று அடுக்கு, வலதில் ஒன்றுமில்லை. முதல் நாளே அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். புகைப்பட உறையையும் இப்போதுதான் பிரித்தேன். அத்தனையிலும் இடது. கண்ணெதிரே இருந்திருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

பொம்மை யார் என்று தெரிந்துவிட்டது.

இன்று காலை கதவைத் திறந்தபோது அது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது. முதுகைப் பார்த்தேன். அக்கா. இந்த முதுகில்தானே செய்தித்தாளை ஒட்டி ஒட்டி அளவெடுத்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை பதினாறேகால். வலது தோள் கொஞ்சம் இறக்கம். என் கைக்கு வேறு எந்த உடம்பு தெரியும்? கேட்காமலே செய்து நிறுத்திவிட்டது.

முதுகில் கையை வைத்துப் பார்த்தேன். பஞ்சுதான். தெரியும். ஆனாலும் எடுக்க மனசு வரலை, எடுக்கவே மனசு வரலை.

மார்ச் 24, திங்கள்

விடுமுறை. கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அக்கா" வரை சுலபமாக வந்தது. அதற்கு மேல் எழுதியதெல்லாம் ஒன்று வக்கீல் நோட்டீஸாக இருக்கிறது, இல்லை சினிமா வசனமாக இருக்கிறது. ஆறு தாள் கிழித்தேன்.

மார்ச் 28, வெள்ளி

ஊழியர்களின் குடும்பத்துக்கென்று ஆளுக்கு இரண்டு அழைப்புச் சீட்டு கொடுத்தார்கள். திறப்பு நாளுக்கோ அதற்குப் பிறகோ, எப்போது வேண்டுமானாலும் வரலாம். என் குடும்பம் யார்? ஒன்றை உறையில் போட்டேன். பின்பக்கம் எழுதினேன்: ‘நம்மாளு வருகிறாள். நீயும் வா.’

முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீசில் இருந்தவளுக்குத் தபால் அனுப்புவது என்றால் பயமாகத்தான் இருக்கிறது. பின்கோடை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

புதுப் பொம்மை முடிகிற நிலையில் இருக்கிறது. இந்தத் தடவை அளந்து, அழுத்தி, படத்தைப் பார்த்து, ஒவ்வொரு அடுக்குக்கும் பயந்து செய்தது. பழையதைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்திருந்தேன். அவசரம் கண்ணில் பட்டுவிட்டது. "ஆறாவது உடைக்கு பொம்மை பத்தலைம்மா. இதைப் பிரிச்சுக் குடுத்துடுங்க, அவசரம்."

உதவிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

நானே பிரித்தேன். முதலில் கழுத்து. பிறகு வலது தோள். பிறகு முதுகு, ஒவ்வொரு அடுக்காக. பஞ்சை எறியவில்லை, மறுபடி பயன்படும். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அந்த மெலிந்த பொம்மை மட்டும் மொட்டையாக நின்றது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பதில் வரவில்லை. தபால் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று அசல் கவுனை மாட்டினோம். நாலு கைகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இடது தோளில் அந்தப் பழைய திண்டு போய்ச் சரியாக உட்கார்ந்தது. அவ்வளவுதான், துணி முழுக்க ஒரே நொடியில் விழுந்து நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. காஸ்ட்யூமர் அம்மா கைக்குட்டையை எடுத்தார்.

தோள் விஷயத்தைப் பலகையில் எழுதிப்போடலாமா என்று அவசரத்துக்கு ஆசை. கூட்டம் அள்ளும் என்றார். காஸ்ட்யூமர் அம்மா ஒரே போடாகப் போட்டார்: "சொல்லவும் வேணாம், மறைக்கவும் வேணாம். அம்மா அப்படித்தான் இருந்தாங்க. பாக்கத் தெரிஞ்சவன் பாத்துக்கட்டும்." அரங்கின் நடுவில் வைக்கிறோம், நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி.

ஏப்ரல் 11, வெள்ளி

திறப்பு. பேச்சு, கைதட்டல், கேமரா. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழைய துணி வெளுக்காமல் இருக்க அரங்கில் விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறோம், முகம் சட்டென்று பிடிபடாது. பரவாயில்லை, எனக்கு முகம் தேவையில்லை. தலை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வந்த பெண்களில் பாதிப்பேர் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நின்றார்கள், புகைப்படத்துக்காக. ஆளுக்கொரு பக்கம் சாய்க்கிறார்கள். ஒவ்வொருத்தியாகப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலி.

வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இனி வாசலைப் பார்ப்பதில்லை என்று தீர்மானம். பத்து நிமிடம் தாங்கியது.

ஏப்ரல் 19, சனி

சரியான கூட்டம். காவலாளி ஒருவர் வராததால் வரிசையை ஒழுங்குபடுத்த என்னையும் இறக்கிவிட்டார்கள். காலேஜ் பெண் ஒருத்தி சாம்பல் கவுன் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "தெரியலை ஆன்ட்டி. எங்க வீட்ல யாரும் எதையும் முழுசா கேக்க மாட்டாங்க. இவங்க கேப்பாங்கபோல இருக்கு" என்றாள். தலையே இல்லாத பொம்மை! நாற்பத்தைந்து வருடம் கழித்து, அதே வியாதி.

எல்லோரும் முன்னால் முண்டியடிக்க, வயதான அம்மா ஒருவர் மட்டும் பின்னால் போய் நின்றுகொண்டு முதுகுப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, தடித்த கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை. கால்மணி நேரம் இருக்கும். நகரவே இல்லை. பின்னால் வருகிறவர்கள் முனக ஆரம்பித்தார்கள். "கொஞ்சம் நகருங்கம்மா, மத்தவங்களும் பாக்கணும்ல" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போய்விட்டார்.

கால் வீங்கிவிட்டது. வெந்நீரில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

வாலுவிடமிருந்து ஃபோன். ஒன்பது வருடத்தில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"சித்தி, அம்மா அங்க வந்தாங்க, தெரியுமா?"

"எப்ப? நான் தினம் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"போன சனிக்கிழமை. நீங்க அம்மாகிட்ட பேசினீங்களாமே. நகருங்கம்மான்னு சொன்னீங்களாம்."

தையல் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். நான் நகல் என்று சொன்ன அன்றைக்கு அப்புறம் அக்கா காலர் வைத்த உடை எதையும் போடவில்லையாம். எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்துவிட்டாளாம். முடியை வெட்டிக்கொண்டாளாம். கண்ணாடி முன்னால் நிற்பதே கிடையாதாம். "கழுத்தை நேரா வெச்சே பழகிட்டாங்க சித்தி. ரெண்டு வருஷம் கழுத்து வலின்னு டாக்டர்கிட்ட போனோம்."

"கோபமா இருக்காளா?"

"திட்டலை. ‘உன் சித்திக்கு என்னை அடையாளம் தெரியலடி’ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் போய் துணி காயப்போட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய முதுகைச் செய்து நிறுத்தினேன். அவளே எதிரில் வந்து நின்றபோது நகரச் சொன்னேன். அக்காவை, என் அக்காவை, ‘அம்மா’ன்னு கூப்பிட்டு! நான் தேடிக்கொண்டிருந்தது சாய்ந்த தலையை. நேராக்கி அனுப்பியவளே நான்தான். அது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

ஏப்ரல் 28, திங்கள்

போனேன். பஸ்ஸில் நாற்பது நிமிடம், மூன்று தடவை இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். மணியை அடித்துவிட்டு, அம்மா தூங்கறாங்க என்பதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவே திறந்தாள்.

கிட்டத்தில் பார்த்தால் அவள்தான். குருடியாக இருந்தால்கூடத் தெரிந்திருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு, கழுத்து விறைத்தபடி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நகர்ந்துக்கறேன், உள்ள வா" என்றாள்.

அழுதேன். எழுதிப் பழகிய வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. மன்னிச்சுடுக்கா, மன்னிச்சுடுக்கா என்று அதையேதான் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "ஒன்பது வருஷத்துக்கு இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்றாள்.

எதிரில் உட்கார்ந்து கேட்டாள். "அந்த பொம்மை நீ செஞ்சதா?"

"ஆமாக்கா."

"அவளுக்கு நிஜமாவே இடது தோள் இறக்கமா?"

சொன்னேன். மரம், எலும்பு, டைரக்டர் கத்தியது எல்லாம். அதற்கு முன்னால் நான் செய்த தப்புப் பொம்மையையும் சொன்னேன், அது யார் என்பதையும், என் கையாலேயே பிரித்ததையும். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்குகிறது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"நான் எந்தப் பக்கம்டி சாய்ப்பேன்?"

"வலது பக்கம்."

"அவ?"

"இடது."

"திரையில அவ எதிர்ல நிப்பா. நாம அவளைப் பாத்து அப்படியே சாய்ச்சோம், கண்ணாடியப் பாத்து சாய்க்கற மாதிரி. அவ முதுகுப்பக்கம் போய் யாருடி பாத்தா? முப்பத்தாறு வருஷம் தப்பான பக்கம் சாய்ச்சிருக்கேன். நீயும் ‘இன்னும் கொஞ்சம்’னு சொல்லிக்கிட்டே இருந்திருக்க. அன்னைக்கு பின்னாடி போய் நின்னப்பதான் தெரிஞ்சுது. எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு பாத்துப் பாத்து நிக்கறேன், நீ வந்து நகருங்கம்மாங்கற."

"அக்கா..."

"நகல்னு சொன்னியே. இப்ப சொல்லு பாப்போம். இது எந்த ஊர் நகல்?"

சந்தோஷமாக இருந்தது, பதில் இல்லாமல் இருப்பது. "டீயக் குடி, ஆறுது" என்றாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

மே 11, ஞாயிறு

அக்காவுக்கு அளவெடுத்தேன். காலர் வைத்து ஒன்று வேண்டுமாம், நீல நிறத்தில். வலது தோள் அரை அங்குலம் இறக்கம், முதுகு பதினாறு. கழுத்து அளவு மட்டும் எடுக்க முடியவில்லை. தலையை நேராக வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன் என்கிறாள்.